மூன்று கை, ஓர் அடுப்பு

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் ஆறு இல்லை. ஊர்காவற்றுறை தொடங்கி நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு வரை எந்தத் தீவானாலும் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை கொட்டுகிற மழைதான் ஆண்டு முழுவதற்குமான நல்ல தண்ணீர். அந்த மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, கீழே கிடக்கும் உப்புநீரின் மேல் ஒரு படையாக மிதக்கிறது. நன்னீர் கடல்நீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு இலேசானது. ஆகவே கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே அது 40 அடி ஆழம் வரை இறங்கியிருக்கும். நெதர்லாந்துக்காரர் பாடோன் கைபென் 1880-களின் இறுதியிலும், ஜெர்மனியர் ஹெர்ஸ்பெர்க் 1901-இலும் தனித்தனியே கண்ட கணக்கு இது. இந்தக் கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. நன்னீரின் மட்டம் நெடுநாள் இறைப்பில் 1 அடி தாழ்ந்துபோனால், அடியிலிருக்கும் உப்பு 40 அடி மேலேற வழி திறக்கும். நெடுந்தீவில் சாறாப்பிட்டிக் கிணறுகள் நல்ல தண்ணீருக்குப் பேர்போனவை. வேறு பல வளவுகளில் கிணற்றில் வாளி போட்டால் வருவது சவர்.

இப்படிப்பட்ட இடத்தில் தண்ணீரைத் தேடுவது பாதி வேலை. கிடைத்ததை வைத்துக்கொள்வது மீதிப் பாதி. 50 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 2,500 லீற்றர் தண்ணீர். பிடித்துவைக்கப் பாத்திரம் இல்லாவிட்டால் அத்தனையும் முற்றத்தோடு போய்விடும். சீமெந்துத் தொட்டி கட்டலாம், பலர் கட்டியும் இருக்கிறார்கள். ஆனால் கடற்காற்றின் உப்பு மெல்ல மெல்லச் சீமெந்துக்குள் ஊறி உள்ளிருக்கும் கம்பியைத் துருவேற்றும். துருவேறிய கம்பி பருத்து, தன்னைச் சுற்றியுள்ள சீமெந்தைப் பிளக்கும். தகரத் தொட்டியின் ஆயுள் அதைவிடக் குறுகியது. உப்புக்கு எந்தப் பயமும் இல்லாத பொருள் பொலித்தீன். அதனாலேயே இன்றைக்குத் தீவகத்து வீடுகள், பாடசாலைகள், கோயில் மடங்கள் எங்கும் கறுப்பு, நீல, வெள்ளைத் தாங்கிகள் நிற்கின்றன. ஆர்பிகோ, எஸ்-லோன், அன்டன் என்று கடையில் கேட்டு வாங்குகிறோம். தமிழ்நாட்டில், 1975-இல் குஜராத்தின் கலோலில் பிறந்த சின்டெக்ஸின் பெயரே தாங்கிக்குப் பெயராகிவிட்டது.

அந்தத் தாங்கியை ஒருமுறை கைவைத்துத் தடவிப் பாருங்கள். ஆளே உள்ளே இறங்கி நிற்கக்கூடிய அந்தப் பாத்திரத்தில் எங்கேயும் ஒட்டு இல்லை. இரண்டு பாதியாகச் செய்து பொருத்தினால் பொருத்திய இடத்தில் ஒழுகும். வாளி வார்க்கிற மாதிரி உருக்கிய பிளாஸ்ரிக்கை அழுத்தித் தள்ளி வார்க்கவும் முடியாது. வாய் குறுகி வயிறு பருத்த பாத்திரத்துக்குள்ளிருந்து உள்ளச்சை எப்படி வெளியே எடுப்பது? இதற்கு விடையாக வந்த முறை சுழல்வார்ப்பு. அந்த முறை ஒரு கைத்தொழிலாக நின்றுவிடாமல் பெருந்தொழிலாக வளர்ந்ததற்கு ஒரு குடைராட்டினம் காரணம். இந்த அத்தியாயம் அந்த ராட்டினத்தைப் பற்றியது.

முதலில் வார்ப்பு. தாங்கியின் வெளியுருவம் கொண்ட வெற்று உலோக அச்சு ஒன்று. அதற்குள் மாவாக அரைத்த பொலித்தீனை அளந்து போடுகிறார்கள். துகளின் பருமன் அரை மில்லிமீற்றருக்கு உட்பட்டது. எவ்வளவு மாவு வேண்டும் என்பதை நாமே கணக்கிடலாம். 1,000 லீற்றர் தாங்கியின் மேற்பரப்பு சுமார் 5.5 சதுர மீற்றர். சுவர் 5 மில்லிமீற்றர் தடிப்பென்றால் ஏறத்தாழ 26 கிலோ. அச்சை மூடி, சூடான காற்று சுழலும் அடுப்புக்குள் தள்ளி, ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் இரண்டு அச்சுக்கோடுகளில் ஒரே நேரத்தில் மெதுவாக உருட்டுகிறார்கள். அடுப்பின் காற்று 300 பாகை செல்சியஸுக்கு அங்குமிங்கும். உலோகம் சூடேற ஏற, அதில் படும் மாவு இளகி ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதன் மேல் அடுத்த படை. கடைசித் துகள் ஒட்டி முடியும்வரை உருளல் நிற்காது.

அப்பம் சுடுகிற கையைக் கவனித்தவர்களுக்கு இது புதிதாக இராது. மாவை ஊற்றியதும் சட்டியை இரு காதிலும் பிடித்துச் சாய்த்து ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். மாவு ஓடிய வழியெல்லாம் சூடான சுவரில் மெல்லிய தோல் பிடித்துக்கொள்ளும், மிச்சம் அடியில் திரளும். மாவை மேலே ஏற்றுவது வேகம் அல்ல, சாய்வு. சுழல்வார்ப்பிலும் அதே கதைதான். இதைப் பலர் தவறாகவே விளங்கிவைத்திருக்கிறார்கள், பாடப்புத்தகங்களில்கூட அந்தத் தவறு எட்டிப் பார்க்கும். அச்சு வேகமாகச் சுழல்வதால் மையவிலக்கு விசை மாவைச் சுவரோடு அழுத்துகிறது என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அச்சு நிமிடத்துக்கு 8 தடவை சுழல்கிறது, சுவர் நடுவிலிருந்து அரை மீற்றர் தூரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். சுவரில் உண்டாகும் முடுக்கம், புவியீர்ப்பின் இருபத்தெட்டில் ஒரு பங்குதான். அந்தச் சிறு விசையால் மாவை எங்கும் பிடித்துவைக்க முடியாது. மாவு எப்போதும் அச்சின் அடியிலேயே கிடக்கிறது. சுவர்தான் முறைவைத்து வந்து அதில் தோய்ந்துவிட்டுப் போகிறது.

அப்படியானால் சுவரின் ஒவ்வொரு புள்ளிக்கும் சமமான தடவை முறை வரவேண்டும். இரண்டு சுழற்சியும் ஒரே வேகத்தில் இருந்தால், அல்லது ஒன்று மற்றொன்றின் சரியான மடங்காக இருந்தால், அச்சு திரும்பத் திரும்ப ஒரே பாதையில் உருளும். சில இடங்களில் படை தடிக்கும், சில இடங்கள் வெறுமையாகும். பெரிய அச்சுக்கோட்டில் நான்கு சுற்றுக்கு, சிறிய அச்சுக்கோட்டில் ஒரு சுற்று என்ற அளவை ஒட்டியே பல தொழிற்சாலைகள் இயங்குகின்றன. அந்த 4:1 அளவு 1920-களில் பாரிஸ் சாந்தில் வெற்றுப் பொருட்கள் வார்த்த பவல் என்பவரின் வேலையிலிருந்து வந்தது. இந்த எண்ணைத் துல்லியமான நான்கில் வைக்காமல் கொஞ்சம் விலக்கி வைப்பார்கள். அந்தச் சின்ன விலகல்தான் ஒவ்வொரு சுற்றிலும் பாதையை ஒரு நூல் நகர்த்தி, அச்சின் உட்புறம் முழுவதையும் மேய வைக்கிறது.

உருட்டி வார்க்கும் எண்ணம் பிளாஸ்ரிக்கைவிடப் பழையது. 1855-இல் பிரித்தானியாவில் பீற்றர்ஸ் என்பவர் இரண்டு அச்சுக்கோட்டில் சுழற்றியும் சூடாக்கியும் வெற்றுப் பொருட்கள் செய்யும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். அவர் வார்க்க நினைத்தது பீரங்கிக் குண்டுகளை. 1905-இல் அமெரிக்காவில் ஃவோல்கே மெழுகுப் பொருட்களுக்கும், 1910-இல் பேக்கரும் பெர்க்ஸும் உள்ளே வெறுமையான சொக்கலேட் முட்டைகளுக்கும் அதையே பயன்படுத்தினார்கள். பொலித்தீன் பிறந்தது 1933-இல், இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. ஆய்வுகூடத்தில். அதை மாவாக அரைக்கக் கற்றுக்கொண்ட 1950-களுக்குப் பிறகுதான் நமது தாங்கிக்கு வழி பிறந்தது.

இனி ராட்டினம்.

ஓர் அச்சு, ஓர் அடுப்பு வைத்திருக்கும் சிறிய பட்டறை ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். மாவைப் போட்டு மூட, முந்திய தாங்கியைக் கழற்ற 12 நிமிடம். அடுப்பில் 15 நிமிடம். ஆறுவதற்கு 20 நிமிடம். ஆக 47 நிமிடத்துக்கு ஒரு தாங்கி. எட்டு மணித்தியால வேலைநாளில் பத்துத் தாங்கி வரும். ஆனால் அந்த 47 நிமிடத்தில் 32 நிமிடம் அடுப்பு வெறுமனே எரிகிறது. ஆட்கள் 35 நிமிடம் கைகட்டி நிற்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய எதுவும் முழு நேரமும் வேலை செய்யவில்லை.

ராட்டின இயந்திரம் இந்தக் காத்திருப்பைத் தின்றுவிடுகிறது. நடுவே ஒரு கனத்த தூண். அதிலிருந்து 120 பாகைக்கு ஒன்றாக மூன்று கைகள் நீள்கின்றன. ஒவ்வொரு கையின் நுனியிலும் அச்சு. தூணைச் சுற்றி மூன்று தரிப்பிடங்கள். முதலாவதில் அடுப்பு, இரண்டாவதில் ஆற்றும் அறை, மூன்றாவதில் ஆட்கள். ஒரு கை அடுப்புக்குள் வெந்துகொண்டிருக்கையில் அடுத்தது ஆறுகிறது, மற்றதைத் திறந்து தாங்கியை எடுத்துப் புதிய மாவைப் போடுகிறார்கள். நேரம் வந்ததும் தூண் மூன்றில் ஒரு பங்கு திரும்பி நிற்கிறது. ஒவ்வொரு கையும் அடுத்த தரிப்பிடத்துக்குப் போய்ச் சேர்கிறது. அடுப்பு ஒருபோதும் வெறுமையாக இல்லை.

எவ்வளவு லாபம்? 15, 20, 12 என்ற மூன்று நேரங்களில் மிக நீண்டது 20. எல்லாக் கைகளும் ஒன்றாகத் திரும்புவதால், ஆறும் கை ஆறி முடியும்வரை மற்ற இரண்டும் பொறுத்திருக்க வேண்டும். ஆகவே 20 நிமிடத்துக்கு ஒரு தாங்கி, எட்டு மணித்தியாலத்தில் 24. பத்து 24 ஆகிவிட்டது, அதுவும் அதே ஓர் அடுப்பில். இப்போது முதலாளி இன்னும் வேண்டுமென்று ஆட்களை விரட்டி, 12 நிமிட வேலையைப் 10 நிமிடத்தில் முடிக்க வைக்கிறார். பலன் எதுவுமில்லை. மணிக்கு வரும் தாங்கிகளின் எண்ணிக்கை அணுவளவும் கூடாது. சுற்றின் வேகத்தை நிர்ணயிப்பது மிக மெதுவான தரிப்பிடம் மட்டுமே. அங்கே கைவைத்தால்தான் பயன். அதனால்தான் நான்கு கை கொண்ட இயந்திரங்கள் வந்தன. நான்காவது தரிப்பிடம் இன்னோர் ஆற்றும் அறை. ஆறுதல் பத்துப் பத்து நிமிடமாக இரண்டாகப் பிரிந்துவிட, இப்போது நீளமானது அடுப்பின் 15 நிமிடம். நாளுக்கு 32 தாங்கி. தொழிற்சாலை என்ற ஒன்றை விளங்கிக்கொள்ள இந்தச் சின்னக் கணக்கைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. சோடாப் போத்தல் நிரப்பும் ராட்டினமும், 1930-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 50 மாடுகளை ஒரே மேடையில் சுற்றவைத்துப் பால் கறந்த ரோட்டோலாக்டரும் இதே கணக்கின் பிள்ளைகள். அவை நிற்காமல் சுழல்பவை, நமது ராட்டினம் தரித்துத் தரித்துச் செல்வது. அவ்வளவே வேறுபாடு.

ஆறுதலை ஏன் விரைவாக்க முடியாது என்று கேட்கத் தோன்றும். ஐஸ் தண்ணீரை விசிறினால் என்ன? பிளாஸ்ரிக் வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். வெளியிலிருந்து மட்டும் திடீரெனக் குளிர்த்தினால் சுவரின் வெளிப்பக்கம் முதலில் இறுகிச் சுருங்கும், உட்பக்கம் பின்னர் சுருங்கி அதை இழுக்கும். தாங்கி கோணும். இறுகும்போது பொலித்தீன் நீளத்தில் சுமார் 3 சதவீதம் சுருங்குவது இன்னொரு வகையில் வரம். அச்சிலிருந்து தாங்கி தானே விலகிக்கொள்வதால் கழற்றுவது எளிது. ஆகவே முதலில் காற்று, பிறகு மெல்லிய நீர்த்தூவல் என்று பொறுமையாகவே ஆற்றுகிறார்கள்.

இந்த இயந்திரத்தை வடிவமைத்தவர்களை நான் உண்மையாக மதிப்பது இனிச் சொல்லப்போகும் சிக்கலுக்காக. அடுப்பிலிருந்து வெளியே வரும்போது சுவர் இன்னும் இளகிய நிலையில் இருக்கிறது. அந்தக் கணத்தில் அச்சின் உருளல் நின்றால் பொலித்தீன் கீழ்ப்பக்கம் வழிந்து திரண்டுவிடும். எனவே தூண் திரும்பும்போதும் அச்சு இரண்டு அச்சுக்கோட்டிலும் உருண்டுகொண்டே இருக்கவேண்டும். சுழலும் ஒன்றின் மேல் சுழலும் ஒன்றின் மேல் சுழலும் ஒன்று. கையை வெற்றுக் குழாயாகச் செய்து, அதற்குள் இன்னொரு தண்டைச் செருகினார்கள். வெளிக் குழாயை ஒரு மோட்டார் சுழற்றுகிறது. உள்தண்டை இன்னொன்று சுழற்ற, நுனியிலுள்ள கூம்புப் பற்சக்கரங்கள் அந்தச் சுழற்சியை 90 பாகை மடக்கி அச்சுக்குக் கொடுக்கின்றன. மோட்டார்களை அடுப்புக்கு வெளியே, தூண் பக்கத்தில் வைத்தார்கள். மின்சாரத்தைச் சாதாரண வடத்தால் கொடுத்தால், ஒரே திசையில் திரும்பிக்கொண்டே போகும் தூண் அதை முறுக்கி அறுத்துவிடும். அதற்காகத் தூணில் உலோக வளையங்களும், அவற்றில் உரசியபடி மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டுகளும் வந்தன.

அடுத்தது நிற்கும் கலை. அச்சும் சட்டமும் சேர்ந்து தொன் கணக்கில் பாரம், அதுவும் நீண்ட கையின் நுனியில். சட்டென்று நிறுத்தினால் கை முறியும். சினிமாப் படமோட்டியில் செக்கனுக்கு 24 தடவை படச்சுருளை இழுத்து நிறுத்துகிற ஜெனீவாச் சில்லு, சிறிய ராட்டின மேசைகளுக்குப் போதும். நமது தூணுக்கு வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிப் படிப்படியாகக் குறைக்கும் மோட்டார் வேண்டும். சரியான இடத்துக்கு வந்ததும் ஒரு பூட்டுமுளை துளைக்குள் இறங்கித் தூணை இறுக்கிவிடும். சில விரல் அகலம் பிசகினாலும் அடுப்புக் கதவு கையைச் சுற்றிச் சரியாக மூடாது, வெப்பம் வெளியேறும்.

பின்னால் வந்த இயந்திரங்களில் கைகள் ஒன்றோடொன்று கட்டுண்டிருக்கவில்லை. ஒவ்வொன்றும் தன் சக்கரத்தில், ஒரே வட்டத் தண்டவாளத்தில், தனித்தனியே நகரும். மெல்லிய சுவர்க் கூடையும் தடித்த சுவர்த் தாங்கியும் ஒரே நாளில் வார்க்கலாம். முன்னால் உள்ள கையை முந்த மட்டும் முடியாது. மிகப் பெரிய தாங்கிகளுக்கு ராட்டினமே பொருந்தாது. அவற்றை ஓர் அச்சுக்கோட்டில் முழுவதும் சுழற்றி, மற்றதில் முன்னும் பின்னும் ஆட்டுகிற தனி இயந்திரங்கள் இருக்கின்றன.

அச்சுக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது என்பது நெடுங்காலம் பெரிய தலையிடியாக இருந்தது. மாவு எப்போது உருகி முடிந்தது? வேலைத்தலத்து அனுபவசாலியின் ஊகத்தை நம்பியே அடுப்பு நேரம் வைத்தார்கள். பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் க்ரோஃபோர்டின் குழுவினர் இதற்கு விடை தந்தார்கள். வெப்பத்தைத் தாங்கும் பெட்டிக்குள் கருவியை வைத்து, உருளும் அச்சோடு அடுப்புக்குள் அனுப்பி, உள்ளே இருக்கும் காற்றின் வெப்பநிலையை வானொலி அலையில் வெளியே வாங்கினார்கள். ரோட்டோலொக் என்று அதற்குப் பெயர். உட்காற்று 200 பாகையை அண்மிக்கையில், உருகிய மாவுக்குள் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகள் கரைந்து மறைகின்றன. அதற்கு முன் எடுத்தால் சுவர் முழுக்கக் குமிழி. வெகுதூரம் தாண்டினால் பொலித்தீனின் சங்கிலி மூலக்கூறுகளே அறுந்து, சுவர் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். நல்ல தாங்கிக்கும் கூடாத தாங்கிக்கும் இடையில் சில நிமிடங்கள்தான்.

இப்படிப் பிறந்த பாத்திரம் தீவகத்துக்கு எவ்வளவு பொருத்தமானது என்று பாருங்கள். 1,000 லீற்றர் கொள்ளும் ஒன்றின் எடை 26 கிலோ. குறிகட்டுவான் இறங்குதுறையில் இரண்டு பேர் தூக்கிப் படகில் வைத்துவிடலாம். அதே அளவு சீமெந்துத் தொட்டிக்கு மணலும் கல்லும் சீமெந்தும் கம்பியும் தனித்தனியே கடல் கடக்கவேண்டும். மாவோடு கலக்கும் 2 சதவீதம் அளவிலான கரிக்கறுப்பு, வெயிலின் புறவூதாக் கதிரைத் தான் விழுங்கிப் பிளாஸ்ரிக்கைக் காக்கிறது. வெளிச்சம் உள்ளே நுழையாதபடியால் பாசியும் பிடிக்காது. வெளியே நீலம், உள்ளே வெள்ளை என்று இரண்டு மூன்று படை கொண்ட தாங்கிகள், ஒரே உருளலில் மாவை முறைமுறையாகப் போட்டு வார்த்தவை.

இன்னொரு கணக்கு, தீவுகளின் நாளையோடு தொடர்புள்ளது. நயினாதீவிலும் நெடுந்தீவிலும் கடல்நீரை நன்னீராக்கும் நிலையங்கள் இருக்கின்றன. 1,000 லீற்றர் கடல்நீரைக் குடிநீராக்க, நல்ல நிலையத்திலும் 3 முதல் 4 அலகு மின்சாரம் செலவாகும். 2024 மார்ச்சில், நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய அரசின் 11 மில்லியன் டொலர் நன்கொடையில் கலப்பு மின்திட்டம் ஒன்றுக்குப் பெங்களூருவின் யூ-சோலார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. 1,700 கிலோவாற்று சூரிய மின்சாரம், 530 கிலோவாற்று காற்று மின்சாரம், 2,400 அலகு கொள்ளும் மின்கலங்கள் என்பது அதன் திட்டம். நடுப்பகல் வெயிலில் மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் நன்னீராக்கித் தாங்கிகளில் நிரப்பிவிட்டால், அந்த வேலைக்கு இரவில் மின்கலத்தைத் தொடவே தேவையில்லை. 600 முதல் 800 வரையான 1,000 லீற்றர்த் தாங்கிகள், அந்த மின்கலங்கள் முழுவதும் கொள்ளும் மின்சாரத்துக்கு ஈடான உழைப்பைத் தண்ணீராக வைத்திருக்கக்கூடியவை. மின்கலம் தேய்ந்துபோகும், விலையும் அதிகம். தீவுகளுக்குத் திட்டம் தீட்டுகிறவர்கள் தாங்கியையும் மின்சாரச் சேமிப்பாகவே எண்ணி வரவு வைக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடைசியாக, தாங்கி வாங்கப் போகிறவர்களுக்கு. ராட்டினத்தில் நடந்தது முழுவதும் தாங்கியில் எழுதப்பட்டிருக்கும். மூடிக்காக வெட்டிய வாயின் விளிம்பைப் பாருங்கள், சுவரின் குறுக்குவெட்டுத் தெரியும். உட்பக்கமாக ஒன்றிரண்டு சிறு குமிழி இருப்பதில் குற்றமில்லை. விளிம்பு முழுக்கக் குமிழியாகவும், உட்சுவர் மணல்போலச் சொரசொரப்பாகவும் இருந்தால் அது அடுப்பிலிருந்து முந்தி வந்தது. உள்ளே மஞ்சள் படர்ந்து கருகிய நெடி அடித்தால் பிந்தி வந்தது. வெயிலில் வைத்து, தலையை மட்டும் உள்ளே விட்டுத் தாங்கியின் வாயைத் துணியால் மூடிப் பாருங்கள், சுவரூடாக வெளிச்சம் தெரியக்கூடாது. வீட்டில் வைக்கும்போது அடிப்பாகம் முழுவதும் சமதளத்தில் அமர வேண்டும். நிரம்பிய 1,000 லீற்றர்த் தாங்கியின் பாரம் 1 தொன்னுக்கு மேல். அதை இரண்டு மரக்குற்றிகளின் மேல் வைத்தால், எவ்வளவு நன்றாக வார்த்த அடியும் சில ஆண்டுகளில் தொய்ந்து வெடிக்கும்.